மல்லாட்டையும் ஒரு பூஞ்சையின் வரலாறும்

எங்க வெம்பாக்கம் பக்கம் வேர்க்கடலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை வாயில தேய்ஞ்சு அப்படி ஆச்சு. ஆரணிக்குத் தறி எப்படியோ, எங்களுக்கு இந்தக் கொட்டை அப்படி. நகரத்துல இருக்கிற நீங்க இப்போ மரச்செக்கு எண்ணெய் தேடி வாங்குறீங்க. அதனால இந்தக் கதை உங்களுக்கும் தெரியணும்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க செத்துப்போச்சு. காரணம் புரியாம 'வான்கோழி எக்ஸ் நோய்'னு பேர் வெச்சாங்க. தேடிப் போனா, தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்னுச்சு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை அதில் நஞ்சு கக்கியிருந்தது. அந்தப் பூஞ்சைப் பேரைச் சுருக்கித்தான் அஃப்ளாடாக்சின் என்றார்கள். ஈரலைத் தாக்குற நஞ்சு. வறுத்தாலும் வேகவெச்சாலும் முழுசா போகாது.

நம்ம நாட்டில் 1974 கடைசியில் ராஜஸ்தான், குஜராத் பக்கம் பல கிராமங்களில் காமாலை பரவுச்சு. நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆராய்ந்தபோது, மழையில் நனைஞ்சு பூசணம் பிடிச்ச மக்காச்சோளம்தான் காரணம்னு தெரிஞ்சது. கணக்கில் வந்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அதைக் கொட்டிட்டு வேற வாங்கித் தின்ன வழியில்லாத ஏழைங்க.

நுண்ணுயிர் செஞ்ச கேட்டை நுண்ணுயிரே தீர்க்குமா? 1966-ல் அமெரிக்காவில் சீக்லர் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் சுமார் ஆயிரம் நுண்ணுயிர்களைச் சோதிச்சாங்க. ஃப்ளேவோபாக்டீரியம் என்ற ஒரு வகை, பாலிலிருந்தும் கடலையிலிருந்தும் நஞ்சை நீக்கியது. ஆனா அதோட ஆரஞ்சு நிறம் உணவில் ஒட்டும், சமையலறைக்கு வரல. நம்ம மைசூர் உணவு ஆய்வு நிறுவனம் 1970-களில் வேற வழி காட்டியது: கடலெண்ணெயை வெயிலில் வெச்சா அதிலுள்ள நஞ்சு சிதையும். 2014-ல் ஐரோப்பா, மக்காச்சோளத்தில் வரும் ஃபுமோனிசின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சை உடைக்கிற நொதியைப் பன்றித் தீவனத்துக்கு அனுமதிச்சது.

மல்லாட்டைக்கு அப்படி ஒண்ணை எங்க ஊர்க் கடையில் நான் இன்னும் பார்க்கல. அதுவரைக்கும் காய்ச்சல்தான் மருந்து. பிடுங்கினதும் நல்லா காயப்போட்டு, ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழ இறங்கணும். காயைக் குலுக்கினா உள்ளே பருப்பு கலகலன்னு ஆடணும். சாக்கை வெறுந்தரையில் போடக்கூடாது.

இதில் சங்கடம் என்னன்னா, கறுத்த பருப்பு, சுருங்கின பருப்பைக் கழிச்சா எடை குறையும், விவசாயிக்கு நஷ்டம். கழிச்சதும் குப்பைக்குப் போறதில்ல, பல இடத்தில் செக்குக்குத்தான் போகுது. மிச்ச நஞ்சு பிண்ணாக்கில் தங்கி, மாட்டு வழியா பாலுக்கும் வரும். அதனால எண்ணெய் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீங்க. 'ஆட்டுறதுக்கு முன்னாடி பருப்பைப் பொறுக்குறீங்களா?'ன்னு கேளுங்க. பொறுக்கின எண்ணெய்க்கு நாலு காசு கூடக் கொடுத்தா, நாங்களும் மனசார கழிச்சுப் போடுவோம்.