அச்சத்துக்கு ஒரு காப்பீடு

எர்னெஸ்ட் ஹெமிங்வே பிறந்த ஊர், ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த வீடுகள் நிறைந்த ஊர் என்றுதான் சிகாகோவின் மேற்கு எல்லையை ஒட்டிய ஓக் பார்க்கை அறிமுகப்படுத்துவார்கள். 1950இல் அங்கே வீடு வாங்கிய பெர்சி ஜூலியனுக்கு அந்த ஊர் காட்டிய முகம் வேறு. கண் அழுத்த நோய்க்கான மருந்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வேதியியலாளர் அவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். குடிபுகுமுன்பே வீட்டுக்குத் தீவைக்க முயன்றார்கள். மறு ஆண்டு டைனமைட் வீசினார்கள். அதே ஊர் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் இன ஒருங்கிணைப்புக்கு நாடு முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. ஊரார் மனம் திருந்திவிட்டார்கள் என்று இதை விளக்கிவிடலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஓக் பார்க் கைவைத்தது பயத்தை முதலாக்கி நடந்த வியாபாரத்தில்.

அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதை எல்லைத் தெருவுக்குக் கிழக்கே, சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில் பார்க்க முடிந்தது. ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததும் தரகர்கள் வெள்ளையர்களின் கதவைத் தட்டுவார்கள்: விலை விழப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள். அப்படி அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீட்டை, வங்கிகள் கடன் மறுத்த கறுப்பினத்தவருக்குக் கொள்ளை விலையில் தவணைக்கு விற்பார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். இடையில் தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். ஆஸ்டின் தெருத்தெருவாக ஆள் மாறியது. ஓடியவர்களும் நட்டப்பட்டார்கள், வந்தவர்களும் நட்டப்பட்டார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில வாரங்களில், 1968 மே மாதம், வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து ஓக் பார்க் சட்டம் இயற்றியது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் தொடங்கிய வீட்டுவசதி மையம், வாடகைக்கு வருவோரை அவர்கள் தாமாகத் தேடாத தெருக்களுக்கும் அழைத்துச் சென்று காட்டியது. ‘விற்பனைக்கு’ என்ற பலகைகளை ஊர் தடைசெய்தது. வரிசையாகப் பலகை தொங்கினால் பீதி பரவும் என்பது கணக்கு. வேறொரு ஊரின் வழக்கில் இத்தகைய தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்த பிறகும், ஓக் பார்க் தரகர்கள் தாமாகவே பலகை வைப்பதைத் தவிர்த்தார்கள். இவற்றில் மிகச் சாமர்த்தியமானது 1978இல் வந்த திட்டம். வீட்டின் மதிப்பைப் பதிவு செய்துகொண்டவர் ஐந்து ஆண்டுக்குப் பின் அதைவிடக் குறைவாக விற்க நேர்ந்தால், நட்டத்தில் 80 சதவீதத்தை ஊர் நிர்வாகம் ஈடுகட்டும். பதிந்தவர்கள் சிலரே, இழப்பீடு கேட்டு ஒருவரும் வரவில்லை. தரகர் சொன்ன பூச்சாண்டிக்கு இதைவிட நல்ல மறுப்பு ஏது?

இதெல்லாம் வெள்ளையர்களைத் தாஜா செய்யும் ஏற்பாடுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கறுப்பினத்தவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் யோசனைகூட ஒரு கட்டத்தில் எழுந்து கைவிடப்பட்டது. யார் எந்தத் தெருவில் இருந்தால் நல்லது என்று ஓர் அலுவலகம் கணக்குப் போடுவதில் நெருடல் இருக்கவே செய்கிறது. ஆனால் அந்த அலுவலகம் இல்லாத ஆஸ்டினில் கறுப்பினத்தவருக்குச் சுதந்திரமான சந்தை கிடைக்கவில்லை. தரகர் போட்ட கணக்குதான் கிடைத்தது. ஓக் பார்க்கில் 1970இல் நூற்றில் ஒருவராகக்கூட இல்லாத கறுப்பினத்தவர் 1990இல் சுமார் 18 சதவீதமாயினர், வெள்ளையர்கள் கூண்டோடு கிளம்பாமலேயே. வசதியும் படிப்பும் உள்ள ஊருக்கு இது எளிது என்பது இன்னொரு வாதம். வசதி உதவியது உண்மை. ஆனால் வசதியான ஆட்களுக்கு ஓடிப்போவதும் எளிதுதான்.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் ஆவதும் சமமாவதும் ஒன்றல்ல. ஸ்டீவ் ஜேம்ஸ் எடுத்து 2018இல் வெளியான ‘அமெரிக்கா டு மீ’ ஆவணத் தொடர் இந்த ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குள் போனது. ஒரே வாசலில் நுழையும் பிள்ளைகள் உள்ளே போனதும் பிரிகிறார்கள். உயர்தரப் பாடப்பிரிவுகளில் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள். இங்கே தடைசெய்யத் தரகர் இல்லை, ஈடுகட்டக் காப்பீடும் இல்லை. பிரித்தது பள்ளியே வகுத்த முறை, அதில் ஆதாயம் கண்டவர்கள் ஊரின் நல்லெண்ணக்காரர்களே. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிரிவினையைப் பெருமளவு கைவிட அப்பள்ளிக்கு 2022 வரை ஆயிற்று.