துணிவு

'துணிதல்' என்றால் அறுபடுதல். 'துணித்தல்' என்றால் வெட்டுதல். உடுத்தும் துணியும் இதே குடும்பம்தான்: ஜவுளிக்கடையில் அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வைத்து, சர்ரென்று கிழித்துத் தருவார்களே, அந்தத் துண்டு. துணிவும் அப்படியொரு வெட்டுதான், தயக்கத்தை அறுப்பது: பழைய நூல்களில் 'துணிவு' பல இடங்களில் தீர்மானத்தைத்தான் குறிக்கும். வினைசெயல்வகை அதிகாரத்தை வள்ளுவர் அப்படித்தான் தொடங்குகிறார்: ஆராய்ச்சியின் முடிவு துணிவு, துணிந்தபின் தாமதிப்பது தீது. பயம் போயிருக்க வேண்டும் என்று அங்கே அவர் கேட்கவில்லை. வருடக்கணக்காகத் தயங்கியவன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக் கற்கப் போனால், "துணிஞ்சு இறங்கிட்டான்" என்கிறது ஊர். ராஜினாமாக் கடிதத்தைக் கை நடுங்கியபடியேகூட எழுதியிருப்பான். 'துணிச்சல்' கொஞ்சம் வேறு. அதில் அதிகப்பிரசங்கித்தனமும் சற்றே ஒட்டியிருக்கும்.