கோள் உருண்டையன்று

கோளம்போல் உருண்டிருப்பதால்தான் கோளுக்கு அப்பெயர் வந்தது என்று மேடைதோறும் சொல்லி வருகிறார்கள். கேட்டுக்கொண்டு வாளாவிருக்க முடியவில்லை. வெறுங்கண்ணுக்கு வியாழனும் சனியும் ஒளிப்புள்ளிகளே. வியாழனை வட்டமாகக் காண 1610இல் கலிலியோவின் தொலைநோக்கி வரவேண்டியிருந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே நாண்மீனோடு விரவிய கோண்மீனைப் பட்டினப்பாலை அறியும். உருவமே இல்லாத இராகு கேதுவையும் சம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களோடு சேர்த்தே எண்ணுகிறது. உருண்டை வாதம் இங்கேயே முறிந்துவிடுகிறது.

பெறு என்பது பேறாகவும் கெடு என்பது கேடாகவும் ஆவதுபோல, கொள் என்னும் வினை முதல் நீண்டு கோள் ஆயிற்று. பற்றுதல், கவர்தல் என்பதே பொருள். தொல்காப்பியர் வெட்சித்திணையில் வைத்த ஆகோள், ஆநிரை கவர்தல்தான். அதில் உருண்டைக்கு ஏது இடம்? அது ஏட்டளவில் நின்ற சொல்லுமன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி நடுகல்லிலேயே ஆகோள் வெட்டப்பட்டிருக்கிறது. அதியமானின் தகடூர் நாடாகிய தருமபுரி மாவட்டத்துக்கு வந்தால், வட்டெழுத்து நடுகற்களில் தொறுக் கொள்வதும் தொறு மீட்டு வீரன் படுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. தொறு என்பது மாட்டு மந்தை. கொள்ளையும் கொள்முதலும் இந்த வேரில் பிறந்தவையே. பாம்பு திங்களைப் பிடிப்பதைச் சொல்லவந்த 1146ஆம் குறளும் கொள் என்னும் வினையையே ஆள்கிறது. கோள்மூட்டுவதில் வரும் கோள் தனிச்சொல் என்பாருமுண்டு. அது வேறு வழக்கு. கிரகம் என்னும் வடசொல்லும் பற்றுதல் என்னும் வேரினது, கோள் அதன் மொழிபெயர்ப்பே என்பர் சிலர். இருக்கட்டும். மொழிபெயர்த்தவனும் பற்றுதலைத்தானே மொழிபெயர்த்தான்?

வானியலார் இன்று வியாழனின் பிறப்பைச் சொல்லும்போது இப்பொருள் இன்னும் துலங்குகிறது. முன்னோர் இதை அறிந்தே பெயரிட்டனர் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோர் தமிழுக்கு நன்மை செய்வதில்லை. இளஞாயிற்றைச் சுற்றி வாயுவும் தூசும் தட்டாகச் சுழன்றன. பனியும் பாறைத் துகளும் திரண்டு, பூமியைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு நிறையுள்ள கரு உருவாயிற்று. அக்கரு ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் முதலில் மெல்லவே ஈர்த்தது. கொண்ட வாயுவின் நிறை கருவின் நிறையை எட்டியதும் போக்கே மாறியது: கொள்ளக் கொள்ள ஈர்ப்பு மிகுந்தது, ஈர்ப்பு மிக மிகக் கொள்ளுதலும் விரைந்தது. இன்று வியாழனின் நிறை 318 பூமிகளின் நிறை. தட்டு சில பத்து இலட்சம் ஆண்டுகளில் கலைந்துவிடும். அதற்குள் கொண்டதுதான் கோளுக்கு மிச்சம். பிறகு அது சுருங்கிச் சூட்டை இழக்கிறது. ஞாயிற்றிடம் பெறுவதைவிட மிகுந்த வெப்பத்தை வியாழன் இன்னும் வெளிவிடுவது அதனால்தான். பி.டி.எஸ். 70 என்னும் இளம் விண்மீனருகே 2018இல் படம்பிடிக்கப்பட்ட கோள் இப்போதும் வாயுவைக் கொண்டுகொண்டிருக்கிறது. அதன்மேல் விழும் வாயு சூடேறி, ஹைட்ரஜனுக்கே உரிய செவ்வொளியாகத் தெரிகிறது.

கரு இல்லாமலே தட்டின் ஒரு பகுதி நேரே சரிந்து கோளாகலாம் என்னும் மாற்றுக் கொள்கையும் உண்டு. வியாழனின் கரு தெளிவான எல்லையின்றிக் கரைந்து பரந்திருப்பதாக ஜூனோ விண்கலத்தின் அளவீடுகள் காட்டியதால், கருவின் வரலாறும் முன்பு நினைத்ததைவிடச் சிக்கலாகிவிட்டது. ஆனால் எவ்வழியில் பிறந்ததாயினும், தட்டின் வாயுவைத் தனதாக்கியே வியாழன் வியாழனாயிற்று என்பதில் இரு தரப்பாருக்கும் வேறுபாடில்லை. ஆகவே வாயுக்கோள் என்னும் தொடரை வாயுவாலான உருண்டை என்று விரிப்பது பிழை. வாயுவைக் கொண்டது என்று விரிப்பதே முறை என்பது என் துணிபு.