மணிக்கூடும் குளொக்கும்

பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், செய்தியொன்றில் 'மணிக்கூடு' என்று எழுதியிருந்தேன். மூத்தவர் ஒருவர் அதை வெட்டிவிட்டுக் 'கடிகாரம்' என்று திருத்தினார். மணிக்கூடு பேச்சு வழக்காம், அச்சுக்கு ஏற்றதல்லவாம். மறுத்துரைக்க அன்று என்னிடம் சான்று எதுவும் இருக்கவில்லை. பல ஆண்டுகளின் பின் அந்தச் சான்று ஐரோப்பிய மொழிகளிலிருந்து கிடைத்தது.

ஆங்கிலத்தில் 'குளொக்' என்கிறோமே, அதன் மூலப்பொருள் ஆலயமணி போன்ற ஒலிக்கும் மணிதான். மத்தியகால இலத்தீனில் அது 'குளொக்கா'. கெல்றிக் மொழிகளிலிருந்து அங்கு வந்திருக்கலாம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஐரிஷ் மொழியில் மணிக்கு இன்றும் 'குளொக்' என்றே பெயர். அயர்லாந்துத் துறவிகள் கைமணியுடன் ஐரோப்பாவில் மதம் பரப்பச் சென்றபோது சொல்லும் கூடவே சென்றது போலும். பிரெஞ்சின் 'குளோஷ்', ஜேர்மனின் 'குளொக்க' ஆகியவை இன்றும் மணியையே குறிக்கின்றன. டச்சு மொழியிலும் சுவீடிஷ் மொழியிலுமோ ஒரே சொல் மணியையும் மணிக்கூட்டையும் சேர்த்துச் சுட்டுகிறது. ஆங்கிலேயர் 14ஆம் நூற்றாண்டில் இச்சொல்லைப் பெரும்பாலும் டச்சுக்காரரிடமிருந்தே பெற்றனர்.

காரணம் எளிது. ஆரம்பகால இயந்திர மணிக்கூடுகள் பலவற்றுக்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. இங்கிலாந்தின் சோல்ஸ்பரி பேராலயத்தில் 1386ஆம் ஆண்டளவில் அமைந்ததெனக் கருதப்படும் மணிக்கூட்டை இன்றும் காணலாம். அது நேரத்தைக் காட்டாது. மணி அடித்து அறிவிக்கும். மக்கள் நேரத்தைப் பார்க்கவில்லை, கேட்டார்கள்.

தென் ஐரோப்பியர் வேறு வழி சென்றனர். கிரேக்கத்தில் 'ஹோரா' என்றால் பொழுது. பொழுதைச் சொல்வது 'ஹொரோலொகியொன்'. சூரிய நிழற்கருவிக்கும் நீர்க்கருவிக்கும் வழங்கிய அப்பெயரே இத்தாலியின் 'ஒரொலோஜோ', பிரெஞ்சின் 'ஒர்லோஜ்' என மாறியது. மணிக்குக் 'குளொக்க' என்ற ஜேர்மானியரும் மணிக்கூட்டுக்கு ஹோராவிலிருந்து வந்த 'ஊர்' என்பதையே வைத்துக்கொண்டனர். டச்சு வடிவத்தை ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொணர்ந்தனர். சிங்களத்தின் 'ஒரலோசுவ' அதுவே.

தமிழரோ ஒலிக்கும் மணியையும் நேரத்தையும் 'மணி' என்ற ஒரே சொல்லால் குறித்து, அது குடியிருக்கும் கூட்டை மணிக்கூடு என்றனர். யாழ்ப்பாண நகரின் கோபுரமும் மணிக்கூட்டுக் கோபுரமே; அதைக் கடிகாரக் கோபுரம் என்று அவ்வூரார் சொல்லக் கேட்டதில்லை.

மூத்தவர் விரும்பிய கடிகாரமும் பழைய பாண்டமொன்றின் நினைவுதான். நாழிகை அளக்க நீரில் மிதக்கவிட்ட கிண்ணமே கடிகை. அவர் மறைந்துவிட்டார். நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் எவர் எழுதிய மணிக்கூட்டையும் வெட்டவில்லை.