அசதிசனின் அம்பும் கண்ணுசாமியின் முடியும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்வோர், கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து பேராதனையை எட்டுவதற்கு முன்னர், பிலிமத்தலாவை என்னும் சிறு நகரைத் தாண்டிச் செல்கின்றனர். நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கடைகள். தெற்கே திரும்பும் கிளை வீதியில் சென்றால் கடலாதெனிய விகாரை. 1344இல் கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் எழுந்த கற்கோயில் அது. அதற்கப்பால் உள்ள லங்காதிலக்க விகாரையின் பாறையில் சிங்களக் கல்வெட்டுடன் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இன்னும் சற்றுத் தொலைவில், கதிர்காமத் தெய்வத்துக்குரிய எம்பெக்கே தேவாலயம். 'இது யாருடைய மண்?' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதிலளிக்க விரும்புவோரைச் சங்கடப்படுத்தும் சூழல்தான் இது.

பிலிமத்தலாவை என்ற பெயரை இலங்கை வரலாற்றில் நிலைநிறுத்தியவர், அப்பெயர் தாங்கிய குடும்பத்தில் வந்த மகா அதிகார் ஒருவர். மகா அதிகார் என்பது கண்டி இராச்சியத்தில் மன்னனுக்கு அடுத்த பதவி. இன்றைய வழக்கில் முதலமைச்சர் எனலாம். 1798இல் அவர் பதினெட்டு வயது இளைஞன் ஒருவனைச் சிங்காசனத்தில் அமர்த்தினார். அவ்விளைஞனின் பெயர் கண்ணுசாமி. அவனே கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

அவன் கதைக்குச் செல்லுமுன், புராதனக் கதையொன்றை நினைவுபடுத்துவது பொருத்தமாகும். பௌத்த ஜாதகக் கதைகளில் அசதிச ஜாதகம் என்று ஒன்று உண்டு. அசதிச என்றால் ஒப்பற்றவன் என்று பொருள். காசி மன்னனுக்கு இரு புதல்வர். மூத்தவன் அசதிசன், இளையவன் பிரமதத்தன். தட்சசீலத்தில் வில்வித்தை கற்றுத் திரும்பிய அசதிசனுக்கே அரசு என்று தந்தை மரணப்படுக்கையில் கூறுகிறான். அவனோ அதை ஏற்காது தம்பிக்கு முடிசூட்டுகிறான். சில நாளில் கோள்மூட்டுவோர், 'அண்ணன் உன் அரியணையைக் கவரப் பார்க்கிறான்' என்று தம்பியிடம் ஓதுகின்றனர். அதை நம்பிய தம்பி, அண்ணனைச் சிறைபிடிக்க ஆணையிடுகிறான். அசதிசன் நாடு நீங்கி, வேற்று மன்னனிடம் வில்லாளியாகக் கூலிக்கு அமர்கிறான். பின்னர் ஏழு மன்னர்கள் காசியை முற்றுகையிட்டபோது, தம்பியின் அழைப்பை ஏற்று மீள்கிறான். எச்சரிக்கை பொறித்த ஓர் அம்பை, அவ்வெழுவரும் உண்டுகொண்டிருந்த பொற்றட்டின் நடுவே எய்கிறான். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் பகைவர் ஓடுகின்றனர். அதன்பின்னும் அவன் முடியைக் கோரவில்லை, துறவியாகிறான்.

இக்கதையைச் சிங்களத்தில் கவியாக்கியவன் கண்டி மன்னன் இராஜாதி ராஜசிங்கன் (1782-1798). 'அசதிச தா கவ' என்பது அந்நூலின் பெயர். இம்மன்னன் பிறப்பால் சிங்களவன் அல்லன். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவன். கடல் கடந்து வந்த குடும்பத்தின் பிள்ளை, வந்த நாட்டின் மொழியைக் கற்றுத் தேர்ந்து, ஐயத்துக்கு ஆளான ஓர் இளவரசனின் விசுவாசத்தைப் பாடியிருக்கிறான். ஆயிரம் பொருள்கள் இருக்க இதனை அவன் தேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவன் குடும்பத்தின் கதையை அறிந்தவர்களுக்கு அது தற்செயலாகத் தோன்றாது.

நாயக்கர் கண்டிக்கு வந்ததற்கு அடிப்படையும் ஒரு புராணக் கதையே. இலங்கைக்கு வந்த விஜயன், தனக்கு உதவிய குவேனியைக் கைவிட்டு, மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியை அழைத்து மணந்தான் என்கிறது மகாவம்சம். முடிசூடுவதற்குச் சத்திரியப் பட்டத்தரசி வேண்டும் என்ற நியதியால், கண்டி மன்னர்களும் பெண் தேடி மதுரைக்குத் தூது அனுப்பினர். உள்ளூர்ப் பிரதானிகளுக்கும் இவ்வேற்பாடு வசதியாக இருந்தது. தம்மில் ஒரு குடும்பம் அரச குடும்பத்துக்குப் பெண் கொடுத்து உயர்வதை மற்றைய குடும்பங்கள் விரும்பவில்லை.

1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வழியில் வாரிசின்றி இறந்தான். கண்டிப் பெண்ணொருத்திக்கு அவன் வழிப் பிறந்த உனம்புவே பண்டார இருந்தும், தாய் சத்திரிய குலத்தவள் அல்லள் என்ற காரணத்தால் அவன் ஒதுக்கப்பட்டான். பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். இவ்வாறு நாயக்கர் வம்சம் தொடங்கிற்று. அந்நிய மன்னன் பலவந்தமாக வந்து அமரவில்லை. நாட்டின் சொந்த விதியே அவனை அழைத்து அமர்த்தியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782), இளமையிலேயே கண்டிக்கு வந்து அரசனானவன். சைவ ஆசாரத்தில் பிறந்த அவன், பௌத்த மன்னனாக வாழும் கடமையை ஏற்றான். அறுந்துபோயிருந்த உபசம்பதா மரபை மீட்க, சியாமிலிருந்து உபாலி தேரர் 1753இல் வந்தது இவன் காலத்திலேயே. இன்றைய சியாம் நிக்காய அதன் தொடர்ச்சி. தலதா தாதுவை எசல பெரகராவின் முதன்மைக்குக் கொண்டுவந்தவனும் இவனே.

இத்தனைக்குப் பின்னும் 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. மன்னன் திருநீறு அணிகிறான் என்பதும் அவன் மீதான குறைகளில் ஒன்று. பிரதானிகள் சிலரும், அவனால் சங்கராஜராக உயர்த்தப்பட்ட சரணங்கரரும் இதில் சம்பந்தப்பட்டிருந்தனர். மல்வத்தை விகாரையில் அரசன் அமரும் ஆசனத்தின் கீழ் குழி தோண்டப்பட்டது. செய்தியை முன்கூட்டி அறிவித்து அவனைக் காத்தவர் கோபால குடும்பத்தைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர். பிரதானிகள் தண்டிக்கப்பட்டனர், தேரர் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். மன்னனோ பௌத்த மறுமலர்ச்சிப் பணியை நிறுத்தவில்லை. ஐயத்துக்கு ஆளான பின்னும் தான் ஏற்ற கடமையை விடாத இவனிடத்தில் அசதிசனின் சாயல் தெரிகிறது.

இப்போது கண்ணுசாமியிடம் வருவோம். இராஜாதி ராஜசிங்கனும் பிள்ளையின்றி இறந்தபோது, பட்டத்தரசியின் சகோதரன் முத்துசாமிக்கே உரிமை அதிகம் என்று கருதப்பட்டது. பிலிமத்தலாவை அதிகாரோ கண்ணுசாமியைத் தெரிவு செய்தார். இளையவன், துணையற்றவன், சொன்னபடி நடப்பான் என்ற கணக்கு அது. மறு ஆண்டே, 1799இல், அவிசாவளையில் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த்தைச் சந்தித்து, தாமே முடிசூட்டிய மன்னனை அகற்ற உதவி கோரினார்.

முத்துசாமி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். 1803இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அவனை அங்கு மன்னனாக்கினர். அந்தப் பட்டம் சில மாதங்களே நிலைத்தது. ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை சரணடைந்தபோது, தம்மை நம்பி வந்த முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைத்தனர், அவன் கொல்லப்பட்டான். உறவினரான இரு இளைஞர்களில் ஒருவன் அதிகாரின் கருவி, மற்றவன் ஆளுநரின் கருவி. இருவரிடமும் எவரும் விசுவாசமாக இருக்கவில்லை.

கண்ணுசாமி கருவியாகவே இருந்துவிடவில்லை. அவனே ஆளத் தொடங்கினான். 1811இல் பிலிமத்தலாவை பதவி இழந்தார். பின்னர் சதிக் குற்றத்துக்காகச் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆனால் தன்னைச் சூழ்ந்த சதிகள் மன்னனை ஐயமே உருவானவனாக மாற்றிவிட்டன. அடுத்த மகா அதிகார் எகலப்பொல 1814இல் ஆங்கிலேயர் பக்கம் போனார். அதற்குப் பழி, கண்டியில் இருந்த அவரது மனைவி மக்கள் மீது விழுந்தது. கொலைக்களத்தில் பதினொரு வயது மூத்தவன் தாயைப் பற்றிக்கொண்டு அழ, ஒன்பது வயது இளையவன் முன்வந்து, அஞ்ச வேண்டாம் என்று அண்ணனைத் தேற்றி, தானே முதலில் வாளுக்குத் தலைகொடுத்தான் என்று ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். மத்தும பண்டார என்ற அச்சிறுவன் இன்றும் சிங்களப் பாடநூல்களின் பாலவீரன். தந்தையின் தெரிவுக்கு மகன் கொடுத்த விலை அது. அக்கொடுமைக்கு மன்னனின் பிறப்பைக் காரணம் காட்டுவதும் தவறு. அவன் பிறப்பைக் காட்டி அதனை மன்னிப்பதும் தவறு.

1815 பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. பதவி நீக்கப்பட்ட மன்னனின் 'மலபார்' இனத்தாருக்கு ஆளும் உரிமை இனி இல்லை என்றும், அவனது ஆண் உறவினர் நாட்டில் இருக்கக்கூடாது என்றும் அது விதித்தது. அதில் ஒப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டனர் என்பது வரலாற்றின் குறும்பு. பதினெட்டு வயதில் அவனை முடிசூட்டியபோது அறியாத எதனையும் அவர்கள் 1815இல் புதிதாகக் கண்டறிந்துவிடவில்லை. அவன் பிறப்பு அன்றும் அதுவே. மாறியது அவர்களின் தேவை.

மக்கள் அவ்வாறு கருதவில்லை என்பதற்கு 1817-18 ஊவாக் கிளர்ச்சி சான்று. கிளர்ச்சிக்காரர் தமக்கு அரசனாக வரித்துக்கொண்டது, நாடு கடத்தப்பட்ட மன்னனின் உறவினன் துரைசாமி என்று கூறிக்கொண்ட ஒருவனை. உண்மையில் அவன் வில்பாவே என்ற சிங்களவன், முன்னாள் பிக்கு. நாயக்கர் சிங்களப் பெயர் சூடி அரசாண்டது போய், சிங்களவன் நாயக்கர் பெயர் சூடினால்தான் அரசனாக ஏற்கப்படுவான் என்ற நிலை! கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல, ஆங்கிலேயரின் ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, துரைசாமியின் பெயரில் போரிட்டார். 1818 நவம்பர் 26ஆம் திகதி சிரச்சேதமானார். இவர் மத்தும பண்டாரவின் தாய்மாமன். தம் சகோதரியையும் அவள் பிள்ளைகளையும் அழித்த மன்னனின் வம்சப் பெயருக்காக அவர் வாளேந்தினார் என்றால், அது மன்னன் என்ற மனிதனுக்காக அல்ல, நாட்டின் முடிக்காக. ஆங்கிலேயருக்கு உதவிய எகலப்பொலவோ அவர்களாலேயே மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் இறந்தார். வேலூரில் சிறைவைக்கப்பட்ட ஸ்ரீ விக்கிரமன் 1832 ஜனவரி 30இல் மறைந்தான்.

நாயக்கர் இந்த மண்ணோடு ஒன்றிவிட்டனர் என்று கருதும் வரலாற்றாசிரியரும் உண்டு. அவர்கள் கடைசிவரை அந்நியராகவே நோக்கப்பட்டனர் என்போரும் உண்டு. மேற்சொன்ன நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. காட்டிக்கொடுத்தவர்களும் காத்து நின்றவர்களும் எல்லா இனத்திலும் இருந்தனர். 'நீ யார்?' என்ற கேள்வியோ, ஒருவனை அகற்ற வேண்டிய வேளையில் மட்டுமே எழுப்பப்பட்டது.

அக்கேள்வி பின்னரும் ஓயவில்லை. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர இலங்கை ஏற்றிய சிங்கக்கொடி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியிலிருந்து பெறப்பட்டது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தனர் என்றோ நிரூபிக்குமாறு கேட்டது. 1824இல் கம்பளையில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இம்மலைகளைத் திருத்திய மக்களின் சந்ததியினரிடம் அந்தப் பத்திரங்கள் இருக்கவில்லை. அச்சட்டம் கேட்ட சான்றைக் காட்ட, கொடிக்குரிய மன்னனாலும் முடிந்திராது.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. தோட்டத்து இளைஞர்களும் யுவதிகளும், தாம் காணாத நாட்டையா, தம்மை ஏற்காத நாட்டையா தெரிவு செய்வது என்று விண்ணப்பப் படிவத்தின் முன் நின்றனர். அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அசதிசனின் கதையில் நாம் வழக்கமாகப் போற்றுவது அவன் விசுவாசத்தை. கவனிக்க வேண்டியது அவன் தம்பியின் பிழையையும்தான். கோள் கேட்டுத் தன் சொந்த இரத்தத்தை அந்நியனாக்கிய அரசு, முற்றுகை வந்த நாளில் அவனைத் தேடி ஆளனுப்ப வேண்டியதாயிற்று. அழைத்தபோது வர அசதிசன் உயிரோடு இருந்தது காசியின் பாக்கியம். எல்லா நாடுகளுக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை.