மின்னிலக்க வானொலி: ஒரு பெட்டி மௌனமான கதை



அண்மையில் வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது இரு வானொலிப் பெட்டிகள் அகப்பட்டன. ஒன்று என் தந்தையார் பயன்படுத்திய பண்பலைப் பெட்டி. மற்றொன்று நான் பெருமையோடு வாங்கிய மின்னிலக்கப் பெட்டி. முன்னது மின்கலம் இட்டவுடன் பாடியது. பின்னது வாய் திறக்கவில்லை. பழுது ஒன்றுமில்லை. அது பற்றிக் கேட்கும் ஒலிபரப்புத்தான் இங்கு இல்லை. சிங்கப்பூரில் 1999 நவம்பரில் தொடங்கிய மின்னிலக்க ஒலிபரப்பு, போதிய நேயர்களைப் பெறாமல் 2011 டிசம்பரில் நிறுத்தப்பட்டது.

இத்தொழில்நுட்பம் ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய 'யுரேகா 147' திட்டத்தில் உருப்பெற்றது. பிபிசி 1995 செப்டம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. குறுந்தட்டுக்கு நிகரான தெளிவு, இரைச்சலற்ற ஒலி என்றெல்லாம் வாக்களிக்கப்பட்டது. இரைச்சல் நீங்கியது உண்மையே. அதனை நான் மறுக்கவில்லை.

ஆயினும், அனலாக் ஒலி நலியும்போது படிப்படியாக நலியும். தந்தையார் சிற்றலையில் செய்தி கேட்கும்போது வாசிப்பவரின் குரல் கடலலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் வரும். கரகரப்புக்கு நடுவே விடுபட்ட சொற்களைச் செவி தானே நிரப்பிக்கொள்ளும். மின்னிலக்க ஒலிக்கு இந்த இரக்கம் கிடையாது. அலை சற்று வலுவிழந்தாலும் பிழைதிருத்தும் முறை ஓரெல்லைவரை காத்துநிற்கும். எல்லை கடந்ததும் நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குமிழியிட்டு, பின்னர் அடியோடு அடங்கிவிடும்.

இரண்டாவது குறை மனிதர் இழைத்தது. குறுந்தட்டில் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தரவு உண்டு. மின்னிலக்க வானொலியோ எம்பி2 என்னும் சுருக்குமுறையில், இசைக்கு 192 கிலோபிட் அளவில் தொடங்கியது. ஓர் அலைத்தொகுப்பில் அடங்கும் மொத்தத் தரவு ஏறத்தாழ 1,200 கிலோபிட்; அதாவது நல்ல தரத்தில் ஆறு நிலையங்கள். ஒலிபரப்பாளர்களோ ஆறோடு நில்லாமல் மேலும் பல நிலையங்களைத் திணித்தனர். பிரிட்டனில் 128 கிலோபிட் வழக்கமாயிற்று. சில நிலையங்கள் 64 கிலோபிட்டில் ஒற்றைத்தட ஒலியாகவே ஒலித்தன. 2006இல் செவ்வியல் இசைக்குரிய பிபிசி ரேடியோ 3இன் அளவை 192இலிருந்து 160ஆகக் குறைத்தபோது நேயர்கள் கொதித்தெழுந்தனர். பிபிசி பெரும்பாலான நேரங்களில் பழைய அளவுக்கே திரும்பியது. காதால் கேட்டே தரக்குறைவைக் கண்டுபிடித்த அந்நேயர்களை நினைத்து வியக்கிறேன்.

குறியாக்கத்திற்கும் குறிநீக்கத்திற்கும் நேரம் பிடிப்பதால் மின்னிலக்க ஒலி சில நொடிகள் பிந்தியே வரும். 1924 முதல் பிபிசி ஒலிபரப்பிவரும் நேர அறிவிப்பு ஒலியை வைத்துக் கடிகாரம் திருத்துவது இதனால் பொருளற்றுப்போயிற்று. சிறு குறைதான், ஆனால் வரலாற்று மாணவனாகிய எனக்கு உறுத்துகிறது.

எம்பி2இன் குறையைப் போக்க 2007இல் 'டேப் பிளஸ்' எனும் புதிய முறை வந்தது. குறைந்த தரவிலும் தரமான ஒலி கிடைத்தது. முன்னரே ஆர்வத்தோடு வாங்கியவர்களின் பெட்டிகள் பலவற்றால் அதனைப் புரிந்துகொள்ள இயலவில்லை. 2017இல் நார்வே தேசிய நிலையங்களின் பண்பலையை நிறுத்தியபோது, அந்நிலையங்களைத் தொடர்ந்து கேட்க விரும்பியவர்கள் சமையலறைப் பெட்டியையும் காரிலிருந்த வானொலியையும் மாற்றவோ, துணைக்கருவி வாங்கவோ வேண்டியதாயிற்று. அங்கும் பல உள்ளூர் நிலையங்கள் பண்பலையிலேயே தொடர்ந்தன.

தந்தையாரின் பெட்டியை இப்போது வகுப்பறைக்கு எடுத்துச் செல்கிறேன். மாணவர்கள் குமிழைத் திருகி நிலையம் தேடுகின்றனர். மின்னிலக்கப் பெட்டியைப் பார்த்து, "இதில் என்ன வரும், ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கடிகாரம் மட்டும் ஓடும் என்றேன்.