வாவி சூழ்ந்த எமது நகரும் அதன் காட்சித் தலங்களும்

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு மட்டக்களப்பு நகரின் காட்சித் தலங்கள் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். இன்று வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் எமது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவ்விடங்களைப் பார்த்துப் படம் எடுத்துச் செல்கின்றனர். பாலம், கோட்டை, வெளிச்சவீடு, காந்திப் பூங்கா, கல்லடிக் கடற்கரை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை பார்த்து மகிழ்வதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஒன்று போருக்காகக் கட்டப்பட்டது. ஒன்று கரை கடப்பதற்கு. ஒன்று கப்பல்களுக்கு வழி காட்டுவதற்கு. அந்தக் கதைகளை எமது பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் ஊர்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. சூரியன் எழும் திசையில் உள்ளதால் அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களும் காடுகளுமாக விரிவது படுவான்கரை. மீனும் தேங்காயும் ஒரு கரையில். நெல்லும் தயிரும் மறு கரையில். இரண்டையும் இணைத்தவை தோணியும் பாதையும்.

வெளியூர்ச் சகோதரிகளுக்காக ஒரு விளக்கம்: எமது பகுதியில் பாதை என்றால் தெரு மாத்திரமல்ல; ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். மண்முனைப் பாதையில் ஏறிக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேருக்குப் போனவர்கள் எமது சங்கத்தில் பலர் உள்ளனர். பறங்கியர் காலத்தில் கல் நந்தி எழுந்து புல் உண்டது என்ற ஐதீகத்தை அந்தப் பாதையில் வைத்தே பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் அந்தப் பாதை ஓய்வு பெற்றது. இப்பொழுது சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். படுவான்கரையிலிருந்து நோயாளியைக் கொண்டுவரவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் மணிக்கணக்கில் காத்திருந்த தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புளியந்தீவுக் கோட்டை

நகரின் மையமான புளியந்தீவு, பெயருக்கேற்ப நீர் சூழ்ந்த நிலம். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டு இங்கே கோட்டை கட்டினர். சதுர வடிவம், மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. பத்து ஆண்டுகளே அவர்கள் அதில் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒல்லாந்தருக்கும் இந்த வாவிக்கும் அதற்கு முன்பே தொடர்பு ஏற்பட்டிருந்தது. 1602இல் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்த மாலுமி மட்டக்களப்பில் வந்திறங்கி, இங்கிருந்தே கண்டிக்குச் சென்று மன்னனைச் சந்தித்தார். 1638 மே மாதம் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு கோட்டையைக் கைப்பற்றினார். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை எமது கோட்டைதான். சில நாட்களில் மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையிலான உடன்படிக்கையும் இங்கேயே கைச்சாத்தானது. பிடிக்கப்படும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மாத்திரமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்பது மன்னன் கொண்ட பொருள். ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்த 'விரும்பினால்' இல்லை. ஒரு சொல்லின் குறையால் நாட்டின் கரையோரம் கைமாறியது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று இலங்கையர் இன்றும் சொல்வது இதைத்தான்.

1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பின்னர் நெடுங்காலம் கச்சேரி அதற்குள்ளேயே இயங்கியது. பிறப்புச் சான்றிதழுக்கும் காணிப் பத்திரத்துக்கும் காணாமற்போனோர் பற்றிய முறைப்பாட்டுக்கும் எமது பெண்கள் கோப்புகளை அணைத்தபடி அந்த வாயிலால் நுழைந்திருக்கிறார்கள். வாயிலின் மேலுள்ள ஒல்லாந்தக் கம்பனியின் சின்னத்தை நிமிர்ந்து பார்க்க அன்று எவருக்கும் மனமிருந்திராது. இன்று போகிறவர்கள் ஒரு கணம் நின்று பாருங்கள்.

காந்திப் பூங்காவும் பழைய இறங்குதுறையும்

கோட்டைக்கு அண்மையில், வாவிக் கரையில் காந்திப் பூங்கா உள்ளது. அருகே பழைய இறங்குதுறையின் வாயில் நிற்கிறது. தெருக்களும் புகையிரதமும் இல்லாத காலத்தில் நகரின் முன்வாசல் அதுவே. 1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு முடிவதற்குள், 1815இல், நோயுற்று இங்கேயே இறந்தார். அந்தச் சில மாதங்களில் அவர் தொடங்கிய பாடசாலைப் பணியே மாவட்டத்தில் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டது. பூங்காவில் காந்தியடிகளுக்கும் ஓல்ட் அவர்களுக்கும் சிலைகள் உள்ளன.

பெண்பிள்ளைகளின் கல்வி பின்னரே தழைத்தது. மூத்த சகோதரிகள் பலர் வீட்டில் முதன்முதலாக எழுத்தறிந்த பெண்கள். 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியபின் கொழும்புக்கும் பேராதனைக்கும் மேற்படிப்புக்குச் செல்லும் வழி திறந்தது. இரவு வண்டியில் ட்ரங்குப் பெட்டியோடு ஏறிய அந்தத் தலைமுறை இல்லையென்றால் இந்தச் சங்கம் இல்லை.

கல்லடிப் பாலம்

மட்டக்களப்பு என்றதும் நினைவில் எழுவது கல்லடிப் பாலமே. தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் மனைவியின் பெயரால் லேடி மனிங் பாலம் என அழைக்கப்பட்ட இந்த இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. எமது சங்கத்துக்கும் ஏறக்குறைய அதே வயது. அதற்கு முன்னர் கல்லடியிலிருந்து நகருக்கு வருவதென்றால் ஓடத்தை நம்பியிருக்க வேண்டும். காற்றும் மழையும் கலந்த மாரி நாளில் பெண்பிள்ளையை ஓடத்தில் அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? விடுதி, அல்லது வீடு என்ற இரண்டே தெரிவுகள் இருந்த இடத்தில், காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்ற மூன்றாவது தெரிவைப் பாலம் தந்தது.

ஒடுங்கிய பாலம் அது. ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும் வரை மறுபக்கத்தார் காத்திருக்க வேண்டும். பஸ் ஏறும்போது பலகைகளும் இரும்பும் எழுப்பும் ஓசை எமக்கு மனப்பாடம். 2013 மார்ச்சில் ஜப்பான் நாட்டு உதவியுடன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தை இடித்துவிடாமல் நடப்போருக்காக விட்டுவைத்தது நல்லதொரு செயல். மாலை வேளையில் அங்கே காற்று வாங்குவோரும் தூண்டில் போடுவோரும் நிறைந்திருப்பர்.

பாடும் மீன்கள்

'மீன்பாடும் தேனாடு' என்ற பெயருக்குக் காரணமான ஓசை இந்தப் பாலத்தை அண்டிய நீரிலேயே கேட்கும் என்பர். அமைதியான நிலவு இரவில், தோணியில் இருந்தபடி துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848இல் இவ்வாறு வாவியில் சென்று கேட்டு, தமது இலங்கை பற்றிய நூலில் எழுதி வைத்துள்ளார். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசைக்கு அதனை ஒப்பிட்டார். மீனவர்களோ, பாடுவது மீன் அல்ல, ஊரி என்று அவருக்குச் சொல்லி, ஊரிகளைக் கொண்டுவந்தும் காட்டினர்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகரில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஓசையைப் பதிவு செய்தனர். மீனா, ஊரியா என்ற கேள்விக்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் இல்லை. சுவாமி விபுலாநந்தர் இதனை வேறு விதமாகக் கேட்டார். வாவியில் எழும் இசையை நீரரமகளிரின் இசையாகக் கொண்டு 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' இயற்றினார். பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்த அவருடைய 'யாழ் நூல்' 1947இல் வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். பாலத்தைத் தாண்டிக் கல்லடி உப்போடையில், அவரது பெருமுயற்சியால் 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலய வளவில், அவரது சமாதி உள்ளது. காட்சி பார்க்கப் போகிறவர்கள் அங்கும் சென்று வணங்கி வாருங்கள்.

மாமாங்கமும் முகத்துவாரமும்

நகரின் வடக்கே அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் ஆலயமும் தீர்த்தக்குளமும் உள்ளன. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவட்டமே திரளும். பிதிர்க்கடன் செலுத்த வருவோர் பலரின் பட்டியலில், இயற்கையாக மூப்படைந்து இறந்தவர்களைவிட இளவயதில் இழந்தவர்களே அதிகம் இருந்த ஆண்டுகளையும் நாம் கண்டோம்.

அமிர்தகழிக்கு அப்பால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம், பாலமீன்மடு. 1913இல் கட்டப்பட்ட 28 மீற்றர் உயர வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. கண்டல் மரங்களும் கொக்குகளும் நிறைந்த அந்தக் கரைக்குச் சென்று வராத வகுப்பு எமது பாடசாலையில் இருந்திராது.

இரண்டு பெரும் அழிவுகள், ஒரு நீண்ட யுத்தம்

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் சாய்த்தது. அடுத்த நாள் காலையில் எழுவான்கரையின் அடையாளமே மாறிப்போயிருந்தது. அதன் பின் வந்த யுத்த ஆண்டுகளில் காட்சித் தலங்கள் காவலரண்களாயின. வாவியின் ஒரு கரை ஒரு தரப்பிடம், மறு கரை மறு தரப்பிடம் என்று 2007 வரை பிரிந்து கிடந்தது. வலையிறவுப் பாலத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர்களுள் பாடசாலைச் சீருடையில் இருந்த பெண்பிள்ளைகளும் அடங்குவர். அந்தத் தலைமுறைக்கு வாவி ஒரு சுற்றுலாத் தலமாக இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு கோடாகக் கிடந்த நாவலடி, டச்பார், திருச்செந்தூர்ப் பகுதிகள் பெருமளவு அழிந்தன. டச்பாரில் வாழ்ந்த பறங்கியக் குடும்பங்களுள் பல அழிந்தன. போர்த்துக்கேய மொழியின் கலப்பு வடிவம் ஒன்றை வீட்டில் பேசிவந்த சமூகம் அது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்தபடி நின்றது. எஞ்சியோரில் பலர் உள்நிலத்தில் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். இன்று கல்லடிக் கடற்கரையில் பிள்ளைகள் ஐஸ்கிறீம் உண்டு விளையாடுகின்றனர். அது வேண்டியதுதான். ஆயினும் நாவலடி நினைவிடத்தில் ஒரு பூ வைக்காமல் அவர்களை அழைத்துத் திரும்ப வேண்டாம்.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஊரில் இருந்தோரின் படத் தொகுப்புகள் பலவற்றைச் சூறாவளி நனைத்தது, இடப்பெயர்வு சிதறடித்தது, கடல் கொண்டுபோனது. ஆனால் 1983க்கு முன்னும் பின்னும் நாடு விட்டுப் போனவர்கள் சிலர், பெட்டிக்குள் இரண்டு மூன்று படங்களையேனும் எடுத்துச் சென்றார்கள். வெளிச்சவீட்டடியில் எடுத்த வகுப்புப் படம், மண்முனைப் பாதையில் ஆசிரியையோடு நின்ற படம், பழைய பாலத்தின் கைபிடியில் சாய்ந்து நின்ற படம் ஆகியவை இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்ணிலோ ஒரு அலுமாரியில் இருக்கக்கூடும். ஊரில் அவற்றுக்குப் பிரதி இல்லை.

அன்புகூர்ந்து அவற்றை எடுத்துப் பாருங்கள். பின்புறத்தில் இடத்தின் பெயரையும், நினைவிருக்கும் ஆண்டையும், நிற்பவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். இறந்துபோன தோழியின் பெயரை முதலில் எழுதுங்கள். அதனைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகின்றனர். ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். கோட்டையின் கதையை எழுதப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆவணங்களை விட்டுச் சென்றனர். வாவிக் கரையில் வளர்ந்த பெண்பிள்ளைகளின் கதைக்கு எம்மிடம் இருக்கும் ஆவணம் இதுவே.